ஆறாத காயங்களும் சோயாப் புரதமும்

ஊர்காவற்றுறையிலிருந்து எழுவைதீவுக்குப் போகும் படகில் யார் என்ன கொண்டுபோகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்துவிடும். அரிசி மூட்டை, எரிவாயு சிலிண்டர், கோழித்தீன், பிள்ளைகளின் கொப்பிகள், யாரோ ஒருவருக்காக யாழ்ப்பாணத்தில் செய்வித்த மூக்குக்கண்ணாடி. சென்ற ஆண்டு மாசி மாதம் நான் போன படகில், பச்சை இலைப் படம் போட்ட இரண்டு பெரிய பைகளோடு ஒரு பெண் வந்திருந்தார். உறவினர் வீட்டுக்கு வருகிறார் என்று நினைத்தேன். இரண்டு நாள் கழித்து, அந்தப் பையிலிருந்த பொருள்களை என் அக்காவின் வீட்டுத் திண்ணையில் கண்டேன்.

அக்கா என்று நான் சொல்வது பெரியம்மாவின் மகளை. 2009 சித்திரையில் முள்ளிவாய்க்கால் பக்கம் எறிகணை விழுந்தபோது இடது காலை முழங்காலுக்குக் கீழே இழந்தவர். முகாம், உறவினர் வீடு என்று அலைந்து, கடைசியில் பிறந்த தீவுக்கே திரும்பிவந்து பனையோலை வேலையும் ஒடியல் மாவுமாகச் சீவிக்கிறார். நான் முப்பது வருடம் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள். வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் காயங்களுக்கு மருந்து கட்டியே என் காலத்தின் பெரும்பகுதி போனது. ஆனாலும் அக்காவின் வெட்டிய கால் நுனியில் எட்டு மாதமாக ஒரு புண் ஆறாமல் இருக்கிறது என்பது, நான் போய் அந்தத் துணியை அவிழ்க்கும்வரை எனக்குத் தெரியாது.

"உது செடியிலயிருந்து எடுத்த பெப்ரைட்டாம் தங்கச்சி. தோலை உள்ளுக்குள்ள இருந்து தைச்சுவிடுமாம். பழைய தழும்பும் போயிடுமாம்" என்று அக்கா ஒரு கிறீம் குழாயையும் ஒரு பவுடர் டின்னையும் எடுத்து வைத்தார். இரண்டுக்கும் சேர்த்து 18,300 ரூபா. மறியாடு ஒன்றை விற்ற காசு.

எனக்கு வந்த கோபத்தை அக்காவிடம் காட்டவில்லை. விற்றவரும் பாவம், அவருக்கு மேலே ஒருவர், அவருக்கு மேலே இன்னொருவர் என்று அந்த வியாபாரம் போகிறது. ஆனால் இதே பைகள் மற்றத் தீவுகளுக்கும் வன்னிக்கும் போகின்றன. உடம்பில் 'பீஸ்' இருப்பவர்கள், எரிகாயத் தழும்போடு வாழ்பவர்கள், படுக்கைப் புண்ணோடு இருக்கும் முள்ளந்தண்டு பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் இவற்றைக் கேள்விப்படுகிறார்கள். வெளிநாட்டிலிருந்து உறவுகள் பார்சலிலும் அனுப்புகிறார்கள். ஆகவே சோயாவைப் பற்றி எது உண்மை, எது அரைகுறை என்று ஒரு முறை விரிவாக எழுதிவிடுவது நல்லது. சோயாவில் நிறைய உண்மையும் இருக்கிறது என்பதால்தான் இந்தக் குழப்பமே.

புரதம் என்ன, பெப்ரைட் என்ன

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகள் கோத்த நீண்ட மாலை. மணிகளில் இருபது வகை. அவற்றில் ஒன்பதை உடம்பால் செய்ய முடியாது, சாப்பாட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும். அந்த மாலையைச் சிறு சிறு துண்டாக வெட்டினால் ஒவ்வொரு துண்டும் ஒரு பெப்ரைட். சோயாவிலிருந்து வந்தால் சோயாப் பெப்ரைட், கோதுமையிலிருந்து வந்தால் கோதுமைப் பெப்ரைட். பெயரில் வேறு மந்திரம் எதுவும் இல்லை.

உலர்ந்த சோயா அவரையில் நூற்றுக்கு ஏறத்தாழ 36 கிராம் புரதம் இருக்கிறது. பயறு, உழுந்து, கௌபி, மைசூர்ப் பருப்பு எல்லாம் 23 முதல் 25 கிராம் அளவில் நிற்கும். அரிசியில் 7 கிராம். அளவு மட்டுமல்ல, தரமும் முக்கியம். சோயாவில் ஒன்பது அத்தியாவசிய அமினோ அமிலங்களும் உண்டு. மெதியோனின் மட்டும் சற்றுக் குறைவு. அரிசியில் மெதியோனின் போதிய அளவு இருக்கிறது, லைசின் குறைவு. சோயாவில் லைசின் தாராளம். சோறும் சோயாக்கறியும் ஒரே கோப்பையில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது நிரப்புகிறது. சோறும் பருப்பும், இட்லியில் அரிசியும் உழுந்தும் சேர்வதும் இதே கணக்குத்தான். எங்கள் ஆச்சிமார் இரசாயனம் படிக்காமலே இதைச் செய்துவந்தார்கள்.

காயத்துக்குச் சோயா விசேடமானது என்று சொல்ல ஒரு காரணம் உண்டு. அதில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் கூடுதலாக இருக்கிறது, பாலிலுள்ள கசீன் புரதத்தைவிட ஏறத்தாழ இரு மடங்கு. புண் ஆறும்போது ஆர்ஜினினின் தேவை கூடும். கொலாஜன் உருவாவதிலும், புண்ணுக்கு இரத்தம் போய்ச் சேருவதிலும் அதற்குப் பங்கு இருக்கிறது.

இனி சாப்பிட்ட புரதம் என்ன ஆகிறது என்று பார்ப்போம். தீவில் வளர்ந்தவர்களுக்கு விளங்கும்படி சொன்னால், பழைய வலையைப் பிரித்து நூலெடுத்துப் புது வலை முடிவது போன்ற வேலை அது. வயிறும் குடலும் சோயாப் புரதத்தைப் பிரித்து, தனி அமினோ அமிலங்களாகவும், இரண்டு மூன்று மணி சேர்ந்த மிகச் சிறு பெப்ரைட்டுகளாகவும் உறிஞ்சுகின்றன. அவற்றிலும் பெரும்பகுதி குடலின் கலங்களுக்குள்ளேயே தனி மணிகளாகிவிடும். அந்த மணிகள் இரத்தத்தில் போய், எங்கே தேவையோ அங்கே புதிதாகக் கோக்கப்படும். சோயாப் பெப்ரைட் நேரே காலுக்குப் போய்த் தோலைத் தைப்பதில்லை. தைக்கும் நூலைக் கொடுக்கிறது. இதுவே பெரிய உபகாரம்தான்.

சில பெப்ரைட்டுகள் இந்த உடைப்புக்குத் தப்பும் என்பதும் உண்மை. சோயாவிலுள்ள லூனாசின் என்ற 43 அமினோ அமிலங்கள் கொண்ட பெப்ரைட் அப்படி ஆராயப்பட்ட ஒன்று. பிலிப்பைன்ஸ் மக்களின் தகாலொக் மொழியில் 'லூனாஸ்' என்றால் நிவாரணம், அதிலிருந்து வந்த பெயர். அழற்சி, புற்றுநோய் தொடர்பாக அதைப்பற்றி ஆய்வுகூடங்களில் நிறைய வேலை நடந்திருக்கிறது. மனிதரின் ஆறாத புண்ணுக்கு அது மருந்து என்று நிறுவப்படவில்லை.

கிறீம் தோலுக்குள் போகுமா

அக்காவின் கிறீம் குழாயின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தேன். எறும்பு அளவு எழுத்து. அழகுசாதனப் பொருள்களில் உட்பொருள்களை அளவில் கூடியதிலிருந்து குறைந்தது என்ற ஒழுங்கில் எழுதுவது வழக்கம். முதலில் தண்ணீர், பிறகு கிளிசரின், பிறகு எண்ணெய்கள், தடிப்பாக்கும் பொருள்கள், பழுதாகாமல் காக்கும் பொருள்கள். கடைசியில் வாசனைப் பொருளுக்குப் பக்கத்தில் 'நீர்ப்பகுப்புச் செய்த சோயாப் புரதம்'. முன்பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்த கதாநாயகன் பின்பக்கத்தில் கடைசி வரிசையில் நிற்கிறார்.

தோலின் மேற்படை ஒரு மதில். 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த பொஸ், மைனார்டி என்ற இரு மருத்துவர்கள் ஒரு கணக்கை எழுதினார்கள். 500 டோல்ற்றனுக்கு மேற்பட்ட பருமனுள்ள மூலக்கூறு நல்ல தோலை ஊடுருவுவது மிகக் கடினம் என்பது அது. டோல்ற்றன் என்பது மூலக்கூறின் நிறையை அளக்கும் அலகு. லூனாசின் 5,000க்கு மேல். சோயாவின் பிரதான புரதமான கிளைசினின் 3 இலட்சத்துக்கு மேல். ஆகவே நல்ல தோலில் பூசும் சோயாப் புரதம் மேலே படிந்து ஈரத்தைப் பிடித்து வைக்கும். தோல் மிருதுவாகத் தெரியும். வறண்ட தழும்புக்கு அது இதம்தான். அதே இதத்தைத் தேங்காயெண்ணெயும் வசிலினும் தரும்.

"புண்ணில தோலே இல்லையே, அப்ப உள்ளுக்குப் போகும்தானே?" என்று அக்கா கேட்டார். நல்ல கேள்வி. போகும். அதோடு வாசனைப் பொருளும், பழுதாகாமல் காக்கும் இரசாயனமும், விரலிலிருந்த கிருமியும் சேர்ந்து போகும். அழகுசாதனக் கிறீம்கள் கிருமி நீக்கிய பொருள்கள் அல்ல. திறந்த புண்ணுக்கென்று அவை செய்யப்படுவதும் இல்லை. அக்காவின் புண்ணைச் சுற்றித் தோல் சிவந்து ஊறிப்போயிருந்தது. அன்றைக்கே கிறீமை நிறுத்தி, கொதித்தாறிய உப்புநீரால் கழுவி, துப்புரவான துணி கட்டிவிட்டேன்.

சோயாவைக் காயத்தின் மேல் வைப்பது எதிர்காலத்தில் நடக்கக்கூடியதுதான். அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் கிற் பார்க்கர் என்ற பேராசிரியரின் ஆய்வுக்குழு, சோயாப் புரதத்தையும் தாவரத்திலிருந்து எடுக்கும் செல்லுலோசுப் பொருளையும் சேர்த்து, சிலந்தி நூலிலும் நுண்ணிய இழைகளாக நூற்று, காயத்தில் வைக்கும் ஒரு மெல்லிய விரிப்பைச் செய்தது. 2018இல் வெளியான அவர்களின் ஆய்வின்படி, எதுவும் கட்டாமல் விட்ட காயங்களோடு ஒப்பிட, இந்த விரிப்பு வைத்த காயங்கள் ஆறுவதில் 72 வீத முன்னேற்றம் இருந்தது. சோயா சேர்க்காத வெறும் செல்லுலோசு விரிப்போடு ஒப்பிட்டால் 21 வீதம். பார்க்கர் அமெரிக்க இராணுவத்தில் இருந்து ஆப்கானிஸ்தான் போரைக் கண்டவர். காயப்பட்ட சிப்பாய்களைப் பார்த்ததுதான் இந்த வேலைக்குத் தூண்டுதல். போரில் காயப்பட்டு, கட்டுவதற்குத் துணியில்லாமல் சேலையைக் கிழித்த சனத்திலிருந்து இதை வாசிக்கும்போது எனக்கு மனதில் ஏதோ செய்தது. அது நிற்க. இந்த ஆய்வு எலிகளில் நடந்தது. ஆய்வுகூடத்தில் நூற்ற விரிப்புக்கும், படகில் வந்த கிறீம் குழாய்க்கும் 'சோயா' என்ற சொல் ஒன்றுதான் பொது.

நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சூடாக்காத சோயாப் பாலில் உள்ள சில புரதங்கள், தோலின் நிறமி ஒரு கலத்திலிருந்து மற்றக் கலத்துக்குப் போவதைக் குறைக்கின்றன என்று ஆய்வுகூடத்தில் கண்டிருக்கிறார்கள். 'சோயா தழும்பை மறைக்கும்' என்ற விளம்பரங்களின் வேர் இதுதான். எரிகாயத் தழும்பின் கறுப்பு வேறு, தடித்து எழும்பும் தழும்பு வேறு. எங்களைப்போலக் கருமையான தோலுள்ளவர்களுக்குத் தடித்த தழும்பு கூடுதலாக வரும். அதற்கு சிலிக்கோன் விரிப்பு, அழுத்தக் கட்டு, தழும்புக்குள் போடும் ஊசி என்று தோல் மருத்துவரிடம் வழிகள் இருக்கின்றன. பச்சைச் சோயாவை அரைத்துப் புண்ணில் பூசுவது எதற்கும் உதவாது.

கோப்பையில் என்ன இருந்தது

கிறீமை எடுத்து வைத்த பிறகு அக்காவிடம் ஒரு நாள் முழுக்க என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டேன். காலையில் பாணும் சம்பலும். மத்தியானம் சோறு, கத்தரிக்காய்க் குழம்பு, சொதி. பின்னேரம் தேநீர். இரவு புட்டும் மிச்சக் குழம்பும். மீன்? "புண் இருக்கேக்க மீன் கூடாது, சீழ் பிடிக்கும். பருப்பும் வாய்வு. முட்டை கிரந்தி." எட்டு மாதமாகப் பத்தியம்.

நான் மனக்கணக்காகக் கூட்டிப் பார்த்தேன். நாளுக்கு முப்பது கிராம் புரதம் வந்தால் அதிசயம்.

உடல்நலமுள்ள வளர்ந்தவருக்கு ஒரு கிலோ எடைக்கு 0.8 கிராமுக்குச் சற்று மேல் புரதம் வேண்டும். படுக்கைப் புண் போன்ற ஆறாத புண் உள்ளவருக்கு 1.25 முதல் 1.5 கிராம் என்று சர்வதேச வழிகாட்டல்கள் சொல்கின்றன. அக்காவின் எடை 52 கிலோ. அப்படியென்றால் 65 முதல் 78 கிராம். அவர் சாப்பிட்டது அதில் பாதிகூட இல்லை. புண்ணிலிருந்து வடியும் நீரோடும் புரதம் போய்க்கொண்டிருந்தது.

இந்தப் பத்தியத்தைப் பற்றி எனக்கு நீண்டகால மனஸ்தாபம் உண்டு. சத்திரசிகிச்சை செய்தவருக்கு வைத்தியசாலையில் முட்டை கொடுப்போம். பார்க்க வந்த உறவினர் அதைத் தலையணைக்கு அடியில் ஒளித்துவிட்டு ரசமும் சோறும் ஊட்டுவார். மீனும் முட்டையும் பருப்பும் சீழை உண்டாக்குவதில்லை. சீழை உண்டாக்குவது கிருமி. குறிப்பிட்ட உணவு ஒருவருக்கு ஒவ்வாமையைத் தந்தால் அதை விடுவது சரி. மற்றும்படி, காயம்பட்டவரிடமிருந்து புரதத்தைப் பறிப்பது, வீடு கட்டும் மேசனிடமிருந்து கல்லைப் பறிப்பதுதான்.

ஒவ்வொரு வைகாசியிலும் நாங்கள் முள்ளிவாய்க்கால் கஞ்சி குடிக்கிறோம். அரிசியும் தண்ணீரும் உப்பும். நூறு கிராம் அரிசியைக் காய்ச்சிப் பலர் பகிர்ந்தால் ஆளுக்கு ஒன்றிரண்டு கிராம் புரதம்தான் போய்ச் சேரும். அந்தக் கஞ்சியோடு கால் இழந்தவர்களும் வயிற்றில் காயப்பட்டவர்களும் கிடந்தார்கள். பலரின் காயம் ஏன் அத்தனை மாதம் இழுத்தது, தையல் ஏன் பிரிந்தது என்பதற்கு மருந்தில்லாததும் கிருமியும் மட்டும் காரணமல்ல. பிறகு முகாமில் சோறு, பருப்பு, சோயாமீற் என்று வந்தபோது எங்கள் சனம் சோயாமீற்றை வெறுத்தது. இன்றைக்கும் அந்த வாசனை வந்தால் முட்கம்பி ஞாபகம் வருகிறது என்று எழும்பிப் போகிறவர்களை எனக்குத் தெரியும். அவர்களைச் சாப்பிடு என்று நான் வற்புறுத்துவதில்லை. அவர்களுக்குப் பயறும் கௌபியும் கச்சானும் இருக்கின்றன.

காயம் ஆறுவது தோல் மூடியவுடன் முடிவதில்லை. முதலில் இரத்தம் உறையும், பிறகு அழற்சி, பிறகு புதுச் சதை, அதன்பின் ஒரு வருடத்துக்கும் மேலாகக் கொலாஜன் இழைகளைக் கலைத்து அடுக்கும் வேலை. எவ்வளவு ஆறினாலும் தழும்புக்குப் பழைய தோலின் ஏறத்தாழ 80 வீத பலம்தான் வரும். அந்தத் தழும்பும் செத்த பொருளல்ல. அதன் கொலாஜன் தொடர்ந்து அழிந்து புதிதாகிறது. அதற்குப் புரதத்தோடு விற்றமின் சீயும் வேண்டும். 1740களில் அன்சன் என்ற ஆங்கிலத் தளபதியின் கப்பலில் விற்றமின் சீ இல்லாமல் ஸ்கேவி நோய் வந்தபோது, ஐம்பது வருடத்துக்கு முன் போரில் பட்டு ஆறிப்போன காயம் ஒரு மாலுமிக்குத் திரும்பத் திறந்ததாகப் பதிவு இருக்கிறது. பதினைந்து பதினாறு வருடத்துக்கு முந்திய எங்கள் காயங்களுக்கும் தினமும் சாப்பாடு தேவை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை. ஒரு கொய்யாப்பழம், நெல்லிக்காய், சமைத்து இறக்கியபின் பிழிந்த தேசிக்காய் போதும். முளைகட்டிய பயறிலும் விற்றமின் சீ ஓரளவு உருவாகும். நாகச் சத்தும் வேண்டும். அது மீன், நண்டு, எள்ளு, கச்சானில் உண்டு.

சோயாவை எப்படிச் சாப்பிடுவது

எழுவைதீவைச் சுற்றிக் கடல். இருந்தும் நல்ல மீனும் நண்டும் ஐஸ் பெட்டியில் ஏறி யாழ்ப்பாணம் போய்விடுகின்றன. விற்றால்தான் காசு. வாடைக் காலத்தில் கடல் கொந்தளித்தால் படகும் இல்லை, தொழிலும் இல்லை. அந்த நாள்களுக்கு உலர்ந்த சோயாமீற் மிகப் பொருத்தமான பொருள். குளிர்சாதனப் பெட்டி வேண்டாம். மாதக்கணக்கில் இருக்கும். எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சோயா மாவை அழுத்திச் செய்வது அது. உலர்ந்த நிலையில் பாதியளவு வரை புரதம். ஊறினால் இரண்டு மூன்று மடங்கு தண்ணீரைக் குடித்துப் பருக்கும் என்பதால், சமைத்த கறியில் அந்த வீதம் குறைவாகத் தெரியும். பைக்கற்றின் பின்புறம் பாருங்கள். கோதுமை மா கலந்தவற்றில் புரதம் குறையும். சுவையூட்டியவற்றில் உப்பு கூடும், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் வெறும் சோயாமீற்றை வாங்கி வீட்டுத் தூளில் சமைக்க வேண்டும். கொதிநீரில் ஊறவைத்து, இரண்டு முறை பிழிந்து கழுவினால் அந்தப் பச்சை வாசனை போகும்.

விலையையும் கணக்குப் பார்த்தோம். அக்காவின் பவுடர் டின் 11,500 ரூபா, 500 கிராம், அதில் புரதம் 400 கிராம். கடையில் 90 கிராம் சோயாமீற் இருநூறு ரூபாவுக்குள், அதில் புரதம் ஏறத்தாழ 40 கிராம். ஒரே அளவு புரதத்துக்கு ஆறில் ஒரு பங்குக் காசு. பவுடர் மோசமான பொருளென்று நான் சொல்லமாட்டேன். விழுங்க முடியாதவருக்கு, பசியே இல்லாதவருக்கு அது உதவும். வாங்கியதை வீசாமல் கரைத்துக் குடியுங்கோ என்றுதான் சொன்னேன்.

அக்காவுக்குப் போட்ட கணக்கு இதுதான். நாளுக்கு 250 கிராம் அரிசி, 50 கிராம் பருப்பு, உலர்ந்த சோயாமீற் 50 கிராம், மீன் ஒரு துண்டு 75 கிராம் அளவில். கூட்டினால் 68, 70 கிராம் புரதம் வரும். மீனில்லாத நாளில் இரண்டு முட்டை.

சோயா அவரையாகவே கிடைத்தால் இரவு ஊறவைத்து, தோலைக் கசக்கி நீக்கி, அரை மணித்தியாலத்துக்குக் குறையாமல் அவிக்க வேண்டும். பச்சையாகச் சாப்பிடக் கூடாது. அதில் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருள் இருக்கிறது, வெப்பம்தான் அதை அழிக்கும். ஊறவைப்பதால் இரும்பையும் நாகத்தையும் கட்டிப்பிடிக்கும் பைற்றேற் குறையும். தோசைக்கு உழுந்தில் பாதியைக் குறைத்துச் சோயாவைச் சேர்த்து அரைக்கலாம், புளிக்கவிட்டால் இன்னும் நல்லது. வறுத்து அரைத்த சோயா மாவை அரிசி மாவோடு ஒன்றுக்கு நாலு என்ற அளவில் கலந்து புட்டு அவிக்கலாம். கூழிலும் ஒரு கரண்டி போடலாம், ஒடியல் மாவில் மாப்பொருள்தான் பெரும்பகுதி என்பதால் அது அதற்கு நல்ல துணை.

சோயாவை நாங்கள் அறியாமலே சாப்பிட்டு வளர்ந்தவர்கள். 1973இல் தொடங்கிய திரிபோஷாத் திட்டத்தில் கர்ப்பிணிகளுக்கும் எடை குறைந்த பிள்ளைகளுக்கும் கொடுத்த மாவு சோளமும் சோயாவும்தான். 2022 நெருக்கடியில் சோளம் கிடைக்காமல் அது தடைப்பட்டபோதுதான் அதன் அருமை பலருக்குத் தெரிந்தது. ஆனால் அது அவர்களுக்கென்று கிளினிக்கில் கொடுப்பது. பேரப்பிள்ளையின் பைக்கற்றை அம்மம்மா பங்குபோடக் கூடாது.

ஆண்கள் சோயாவைச் சாப்பிட்டால் ஆண்மை குறையும் என்ற பேச்சு தீவில் பலமாக இருக்கிறது. சோயாவில் ஐசோஃபிளேவோன் என்ற, பெண் ஹோர்மோனை ஓரளவு ஒத்த தாவரப் பொருள் இருப்பதால் வந்த பயம் அது. மனிதரில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஆண் ஹோர்மோன் அளவைச் சாதாரண அளவு சோயா குறைப்பதாகக் காணப்படவில்லை. உண்மையான எச்சரிக்கைகள் வேறு. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. வன்னியில், குறிப்பாக வவுனியாப் பக்கம், இது கவனிக்க வேண்டியது. தைரொயிட் குளிசை போடுகிறவர்கள் அதற்கும் சோயாவுக்கும் இடையில் சில மணித்தியாலம் விட வேண்டும். சோயா ஒவ்வாமை சிலருக்கு உண்டு. உதடு வீங்கினால், உடம்பு தடித்தால் நிறுத்துங்கள்.

சோயாவால் முடியாதது

சாப்பாட்டை மாற்றியதோடு நான் விட்டிருந்தால் அந்தப் பவுடர் விற்றவருக்கும் எனக்கும் வித்தியாசமில்லை. எட்டு மாதமாக ஒரு புண் ஆறவில்லையென்றால் அதற்குக் காரணம் தேட வேண்டும். நீரிழிவா, இரத்த ஓட்டம் குறைவா, உள்ளே பீஸ் கிடக்கிறதா, எலும்பில் கிருமியா. இன்னொன்றும் இருக்கிறது, அதைச் சொல்ல யாருக்கும் வாய் வருவதில்லை. பழைய எரிகாயத் தழும்பிலோ காயத் தழும்பிலோ வருடக்கணக்கில் உடைந்து உடைந்து ஆறும் புண் சிலருக்குப் புற்றுநோயாக மாறும். மார்ஜொலின் புண் என்று அதற்குப் பெயர். 1828இல் அப்படியான புண்களை விவரித்த பிரெஞ்சுச் சத்திரசிகிச்சை நிபுணரின் பெயர் அது. புண்ணின் ஓரம் தடித்து மேலெழும்பினால், நாற்றம் வந்தால், தொட்டவுடன் இரத்தம் கசிந்தால், ஒரு சிறு துண்டை வெட்டிப் பரிசோதிக்க வேண்டும். போர் முடிந்து இத்தனை வருடமான நிலையில் எங்கள் சனத்துக்கு இது தெரிந்திருக்க வேண்டும். கிறீம் பூசிக்கொண்டு இருந்துவிட்டால் இழப்பது மாதங்கள்.

அக்காவைச் சம்மதிக்க வைக்க நாலு நாள் எடுத்தது. படகு, பிறகு பஸ், பிறகு வைத்தியசாலை வரிசை, திரும்பி வரப் பின்னேரப் படகைப் பிடிக்க வேண்டும் என்ற பதைப்பு. ஒற்றைக் காலோடு அந்த இறங்குதுறைப் படியில் ஏறி இறங்குவது எங்களுக்கு ஒரு வேலை, அவருக்கு ஒரு போர். துண்டு வெட்டி அனுப்பினார்கள். முடிவு வரும்வரை இரண்டு கிழமை அக்கா ஓலைப்பெட்டி ஒன்றுகூட இழைக்கவில்லை. புற்றுநோய் இல்லை என்று வந்தது. இரத்தத்தில் சீனியும் சரி, பீஸும் இல்லை.

காரணம் கடைசியில் செயற்கைக் காலில் இருந்தது. பத்தியம் பிடித்துப் பிடித்து அக்கா மெலிந்துபோனார். வெட்டிய காலின் சுற்றளவு குறைந்தது. பழைய கிண்ணம் தளர்ந்து, நடக்கும்போது நுனி மேலும் கீழுமாக உரசிப் புண்ணாகியது. புண்ணுக்காக மேலும் பத்தியம், மேலும் மெலிவு, மேலும் உரசல். கால் செய்யும் இடத்தில் அளவெடுத்துக் கிண்ணத்தைப் புதிதாக மாற்றித் தந்தார்கள். புண் மூடும்வரை செயற்கைக் காலைப் போடாமல் ஊன்றுகோலோடு நடக்கச் சொன்னார்கள். இரவில் நுனியைக் கழுவி உலர்த்துவது, காலுறையை நாளுக்கு நாள் மாற்றுவது, கண்ணாடி வைத்து அடிப்பக்கத்தைப் பார்ப்பது என்று மூன்று வேலை அவருக்குப் பழகிவிட்டது.

பதினாலு கிழமையில் புண் மூடியது. சோயாமீற்றாலா, புதுக் கிண்ணத்தாலா, கிறீமை நிறுத்தியதாலா என்று பிரித்துச் சொல்ல என்னால் முடியாது. எடை இரண்டரைக் கிலோ கூடியிருந்தது.

சென்ற மாதம் போனபோது அக்கா காலை நீட்டி நுனியைக் காட்டினார். மெல்லிய, கறுத்த, மினுங்கும் தோல்.

"இந்தக் கறுப்புப் போகாதோ?"

"போகாது அக்கா."

"சரி, விடு. அடுத்த முறை வரேக்க அந்த வெறும் சோயாமீற் ஒரு கிலோ வாங்கிக்கொண்டு வா. இஞ்சத்தைக் கடையில கோழி வாசம் போட்டதுதான் இருக்கு, அது எனக்குப் பிடிக்கேல்லை."